செக்ரோலை மட்டும் பார்த்து அஸ்வெசுமவை மறுக்க வேண்டாம்: சப்ரகமுவ தோட்ட மாதர் சங்கங்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
தலைவர், நலன்புரி நன்மைகள் சபை, கொழும்பு.
மாவட்டச் செயலாளர்கள், இரத்தினபுரி மற்றும் கேகாலை.

பொருள்: தோட்டக் குடும்பங்களுக்கான உணவு நிவாரணமும் தெரிவு முறையும்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும், பலாங்கொடை, றக்வானை, காவத்தை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் உள்ள மாதர் சங்கங்கள் சேர்ந்து இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றோம். வீட்டில் அரிசிப் பானையைப் பார்ப்பவர்கள் நாங்கள் என்பதால் எழுதும் பொறுப்பும் எங்களிடமே வந்தது.

இந்த நாட்டில் உணவு நிவாரணம் புதிதல்ல. உலகப் போரின் நடுவே 1942இல் தொடங்கிய அரிசிக் கூப்பன் ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் கிடைத்தது. தோட்டமும் அதில் அடங்கியிருந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனாநாயக்கவே பதவி விலகினார். அரிசிக்கு அன்று அவ்வளவு கனம் இருந்தது. 1973, 74 பஞ்சத்தில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது, மரவள்ளி நடக்கூடத் துண்டுக் காணி இல்லாத லயன்களில்தான் சாவு அதிகம் விழுந்தது. எங்கள் பாட்டிமார் அந்த வருடங்களைப் பற்றி இன்றும் அதிகம் பேச விரும்புவதில்லை.

எங்களுக்கான கதவு சாத்தப்பட்டது அதற்குப் பிறகுதான். 1978இல் மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டுமே கூப்பன் என்றானது. மறுவருடம் செப்டெம்பரில் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. கிராமத்தில் வருமானத்தை வாயால் சொன்னார்கள்; தோட்டத்தில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு சொன்னது. புருசன், பெண்சாதி, வயது வந்த பிள்ளை என்று எல்லாருடைய பேரும் அதில் எழுத்தில் இருக்க, பெருந்தொகையான தோட்டக் குடும்பங்கள் வெளியே நின்றன. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 ஜூலையில் அஸ்வெசும என்று நிவாரணத் திட்டங்களின் பெயர்கள் மாறின. 'நிரந்தரச் சம்பளம் இருக்கிறது, சேமலாப நிதி இருக்கிறது' என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

அந்த நிரந்தரச் சம்பளம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. சப்ரகமுவ மழைநாடு. இறப்பர் மரத்தின் பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குள் விழாது. மரம் முழுக்க வழிந்து மண்ணுக்குப் போகும். ஆகவே விடியற்காலையில் மழை என்றால் அன்று வெட்டு இல்லை, பேரும் (நாட்சம்பளப் பதிவும்) இல்லை. 2024 செப்டெம்பர் வர்த்தமானி நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 25 நாள் வேலை என்றால் அது 33,750 ரூபா. பத்து நாள்தான் வெட்டு கிடைத்தது என்றால் 13,500 ரூபா. அதிலும் சேமலாப நிதிக்கும் மற்றக் கழிவுகளுக்கும் போக மீதிதான் கைக்கு வரும். தேயிலையிலும் கொழுந்து குறைந்த மாதங்களில் நிலைமை இதுதான். கணக்கெடுக்க வருபவர் ஒரு நல்ல மாதத்துச் சம்பளத் துண்டைப் பார்த்துவிட்டுப் போனால் எங்கள் அடுப்பு அவருக்குத் தெரியப் போவதில்லை. எனவே கடந்த 12 மாதங்களில் உண்மையில் பதிவான வேலை நாட்களைத் தோட்ட நிர்வாகத்திடமிருந்து பெற்று, அவற்றுக்குரிய சம்பளத்தின் சராசரியையே வருமானமாகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் பிரதான கோரிக்கை. கைக்காசுக்கு வேலை செய்பவர்கள் செக்ரோலிலேயே இல்லை. அவர்களை நேரில் விசாரித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அஸ்வெசும 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தை அளக்கிறது. கிராமத்துக்குப் பொருந்தும் கேள்வி லயனில் வேறு பதிலைத் தருகிறது. வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கற் சுவர் காகிதத்தில் உறுதியான வீடாகிறது. ஆனால் அந்தக் காம்பிரா எங்கள் பெயரில் இல்லை, கூரையை மாற்ற எங்களுக்கு அதிகாரமும் இல்லை. ஒரே காம்பிராவை மறைப்புக் கட்டிப் பிரித்து இரண்டு அடுப்பு எரிக்கும் தாயும் மகனும் ஒரு குடும்பமாக எழுதப்படுகிறார்கள். பல லயன்களில் ஒரே மின்மானியில் இரண்டு மூன்று வீடுகள் ஓடுகின்றன. பட்டியல் எவர் பெயரில் வருகிறதோ அவர் வசதியானவர் ஆகிவிடுகிறார். தனி அடுப்பு தனிக் குடும்பம் என்று ஏற்கவும், பொது மின்மானியின் அலகுகளை வீடுகளுக்குப் பங்கிடவும் சுற்றறிக்கை வேண்டும்.

கொடுப்பனவுத் தொகை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். உணவு முத்திரை ரூபாக் கணக்கில் நின்றது, விலைவாசி நிற்கவில்லை. சில வருடங்களிலேயே முத்திரையின் பெறுமதி கரைந்துபோனது. 2025 ஜனவரியில் அஸ்வெசுமவில் மிக வறியவருக்கு 15,000 ரூபா 17,500 ஆகவும், வறியவருக்கு 8,500 ரூபா 10,000 ஆகவும் கூட்டப்பட்டதை நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் அடுத்த உயர்வு எப்போது என்பது எவருடைய தயவிலும் தங்கியிருக்கக் கூடாது. அரிசி, கோதுமை மா, பருப்பு விலையோடு வருடந்தோறும் தொகை திருத்தப்பட வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் தொட்டது. அந்த மாதங்களில் ரொட்டிக்கு மா வாங்கவும் முடியாமல் இருந்தோம்.

1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து போய் நீலகிரியில் குடியேறிய எங்கள் உறவினர்கள், அங்கே குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசியை இலவசமாக வாங்குகிறார்கள். 2022 நெருக்கடியில் தமிழ்நாடு அரசு இந்த நாட்டுக்கு அனுப்பிய 40,000 தொன் அரிசியிலும் எங்களுக்குப் பங்கு கிடைத்தது. நீலகிரியில் கிடைக்கும் அளவை இங்கே கேட்கவில்லை. கடும் மழையில் வேலை நிற்கும் மாதங்களிலாவது தோட்டக் குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கேட்கிறோம்.

2016 குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். எனவே 1973 முதல் வழங்கப்படும் திரிபோஷ சத்துமா எமது சிகிச்சை நிலையங்களுக்குத் தடையின்றி வர வேண்டும். பிள்ளைக் காம்பிராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) பகலுணவும் வேண்டும்.

மேன்முறையீட்டுக் கடிதங்கள் தோட்ட ஆபீசில் தங்கிவிடுவதால், அவை கைக்கு வரும்போது கடைசித் திகதி போய்விடுகிறது. ஒரு நாள் வேலையை விட்டுப் பிரதேச செயலகம் போனால் படிவம் சிங்களத்தில் இருக்கிறது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. மாதம் ஒரு நாள், சம்பள நாளுக்கு மறுநாள், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் தோட்டத்துக்கே வந்து விண்ணப்பங்களை ஏற்க வேண்டும். அதுவரை நிராகரிக்கப்பட்டவர்களின் மேன்முறையீட்டுக் காலத்தை நீடிக்க வேண்டும்.

மேற்படி விடயங்களில் நேரில் விளக்கமளிக்க எங்கள் பிரதிநிதிகள் அழைக்கும் நாளில் வருவார்கள். கூடுமானவரை மழை நாளாகக் குறித்தால் எவருக்கும் பேர் போகாது. இம்மனுவுக்கான பதிலைத் தமிழில் தரவும். தோட்ட ஆபீஸ் முகவரிக்கு அனுப்பாமல் பிரதேச செயலகத்தில் வைத்தால், நாங்களே வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்ட மாதர் சங்கங்களின் தலைவிகள், செயலாளர்கள்

பிரதி: சம்பந்தப்பட்ட பிரதேச செயலாளர்கள்