டிக்கியில் யாருக்கு இடம்?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. "சார், கார் வாங்கப் போறேன். ஸ்விஃப்டா, டிசையரா, எர்டிகாவா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாத என்னிடம் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. "எந்தக் கார்னு எனக்குத் தெரியாதுப்பா. பணம் கட்றதுக்கு முன்னாடி டிக்கியைத் திறந்து பாரு" என்றேன். விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். விளையாட்டில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் துணைவியாருக்குப் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். என் மகன் தினமும் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவன். பெட்ரோல் விலைக்குப் பயந்து சிஎன்ஜி கார் வாங்கினான். கடந்த ஆவணியில் அறந்தாங்கியில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். எல்லோரும் கிளம்பிவிட்டோம். கடைசியில் நாற்காலியை ஏற்ற டிக்கியைத் திறந்தால், உள்ளே பாதி இடத்தில் கேஸ் சிலிண்டர் படுத்திருக்கிறது. படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பார்த்தோம், மூடி மூடவில்லை. "மண்டபத்துல பிளாஸ்டிக் சேர் இருக்கும்ல" என்றார் ஒருவர். பிளாஸ்டிக் சேர் பந்திக்குத் தள்ளிக்கொண்டு போகுமா, பாத்ரூமுக்குப் போகுமா?

திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "எனக்கு அசதியா இருக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்றார். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, காலை ஐந்து மணிக்கே தயாராக இருந்தவர். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை "வயிறு வலிக்குது சார்" என்று சொல்வதை முப்பத்து நான்கு வருடம் கேட்டவன் நான். எது அசதி, எது பொய் என்று எனக்குத் தெரியாதா? அன்று நானும் போகவில்லை.

மகனைக் குறை சொல்ல மாட்டேன். கார் வாங்கும்போது நானும் கூடத்தான் போனேன். மைலேஜ் கேட்டோம், கலர் பார்த்தோம், பெரிய டச் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தோம். டிக்கியை நான்கு பேரில் ஒருவர்கூடத் திறக்கவில்லை. கணக்கு வாத்தியார் வீட்டு லட்சணம் இது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். டிக்கியின் அளவை லிட்டரில் சொல்கிறார்கள். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட கட்டைகளை உள்ளே அடுக்கி எண்ணுவது ஒரு முறை. பெருக்கிப் பாருங்கள், 1000 கன செ.மீ., அதாவது ஒரு லிட்டர். ஸ்விஃப்டுக்கு 265, வேகன் ஆருக்கு 341, புது டிசையருக்கு 382, அமேஸுக்கு 416 என்று கம்பெனிகள் சொல்கின்றன.

இதில்தான் சூட்சுமம். சின்னக் கட்டை மூலை முடுக்கெல்லாம் போய் உட்காரும். நம் வீட்டுச் சாமான் அப்படி உட்காருமா? மடித்த சக்கர நாற்காலி மூன்றடி நீளம், மூன்றடி உயரம், ஓரடி கனம் என்று வையுங்கள். ஒன்பது கன அடி, சுமார் 255 லிட்டர். கணக்குப்படி 265 லிட்டரில் போக வேண்டும். ஆனால் மூன்றடிச் சாமான் இரண்டடி ஆழத்தில் எப்படிப் போகும்? சிங்கப்பூரிலிருந்து வரும் தம்பி குடும்பத்தின் பெரிய பெட்டிக்கும், ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வரும் பலாப்பழத்துக்கும் இதே கதைதான். கன அளவு மட்டும் பத்தாது. வாய் அகலம், ஆழம், தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

"பெரிய குடும்பம், அதனால் ஏழு சீட்டு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எர்டிகாவில் மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர். கடைசி வரிசையை மடித்தால் 550. ஏழு பேர் போகலாம், அல்லது ஐந்து பேரும் பெட்டிகளும் போகலாம். ஏழு பேர், ஏழு பேரின் பெட்டி என்பது நடக்காது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஆள் கூப்பிடப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

டிக்கி சுருங்கியதற்கு வரியும் ஒரு காரணம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். 2008இல் வந்த முதல் டிசையரின் டிக்கி 440 லிட்டர். வரிச் சலுகைக்காக 2012இல் வண்டியைக் குறுக்கியபோது அது 316 ஆனது. 2025 செப்டம்பரில் வந்த புது ஜிஎஸ்டியிலும் அதே நான்கு மீட்டர் கோடுதான். கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. நமக்கு விலை குறைந்தது உண்மை. வெட்டு விழுந்தது டிக்கியில் என்பதும் உண்மை.

சிஎன்ஜியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அந்த மிச்சம் பெரிது. ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறியவற்றை டிக்கியின் தரைக்கு அடியில் வைக்கும் முறையை டாடா 2023இல் அல்ட்ரோஸில் கொண்டுவந்தது. அதில் 210 லிட்டர் மிஞ்சுகிறது. அப்படியும் வழி இருக்கிறது என்று தெரிந்து வாங்குங்கள்.

"வருஷத்துக்கு நாலு தடவைக்காகப் பெரிய டிக்கியா? மேலே கேரியர் போட்டுக்கலாம், வாடகை வண்டி எடுத்துக்கலாம்" என்பார்கள். பெட்டிக்கு அது சரி. ஆனால் வீட்டில் ஒருவர் வெளியே போக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தனி வண்டி பிடிக்க வேண்டும் என்றால், அவர் நாலாவது முறை வாயே திறக்க மாட்டார். இன்னொன்று, டிக்கியில் கொள்ளாததைப் பின் கண்ணாடி ஓரம் அடுக்காதீர்கள். சடன் பிரேக் அடித்தால் அது முன்னால் இருப்பவர் தலையில்தான் விழும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் வீட்டின் பெரிய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியோ, குழந்தை வண்டியோ, நாற்காலியோ, வைத்து, மூடிப் பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். அப்பா அம்மாவுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். காரைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறோம்.

அடுத்த மாதம் ஆலங்குடியில் ஒரு புதுமனை புகுவிழா. இந்த முறை பின் சீட்டில் முதலில் ஏறப்போவது நாற்காலி. முன் சீட்டில் என் துணைவியார். மருமகளும் பேரனும் மீதி இடத்தில். எனக்கென்ன, ஆலங்குடிக்கு பஸ் இல்லாமலா போய்விட்டது?