நண்பரின் அட்டவணை

கொடைக்கானல் நகரத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளைத் தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டு, பிள்ளைகளுக்கு வாசிக்கவே வரவில்லை, ஆகவே இழுத்து மூடலாம் என்று தீர்ப்பளித்த நண்பர், யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்று சற்றே யோசித்திருக்கலாம். கட்டணம் கட்ட இயன்றவரைச் சேர்த்துக்கொள்ளும் ஸ்தாபனத்தையும், பள்ளங்கிப் பூண்டு வயலில் வேலை ஓய்ந்ததும் கூலிதேடி நகருக்கு வரும் குடும்பத்தின் பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் கைக்கு வராவிடினும், வருஷத்தின் நடுவிலும், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி மறுக்காமல் ஏற்கவேண்டிய பள்ளியையும் ஒரே வரிசையில் நிறுத்துவது என்ன நியாயம்? சேர்ந்த அன்று ‘ழ’கரத்தில் தடுமாறிய பிள்ளை ஏப்ரலில் எந்தப் பாடத்தை எட்டியது என்பதல்லவா பரீட்சை! மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பசித்த வயிறும் படிப்புக் கணக்கில் சேர்ந்ததே என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. நண்பரின் அட்டவணையில் மட்டும் அதற்குக் கட்டமில்லை. 60 பிள்ளைகள்வரை 2 ஆசிரியர் போதுமென்று அதே சட்டம் விதித்திருப்பதால், ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டு நடத்தும் சங்கடமும் அவர் கண்ணில் படவில்லை. பூட்டைக் கேட்டவர் மூன்றாவது ஆசிரியரைக் கேட்டிருக்கலாம்.