கோப்புக்குள் ஒரு வகுப்பறை

2024 செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஜனவரியில் சங்கத்துக்குப் பதிவும் வாங்கினார்கள். அதே சாலையில் கல்லூரிப் பேருந்தில் போகிற பொறியியல் ஆசிரியரிடம் சங்கம் என்று சொல்லிப் பாருங்கள். "சார், நாக் விசிட் வருது, அப்புறம் பேசலாம்" என்பார்.

நாக் என்றால் ஏழு அளவுகோல், பீரோ நிறையக் கோப்பு. என்பிஏ என்றால் ஒவ்வொரு பாடத்தின் 'விளைவு'க்கும் கட்டம் போட்டு 3, 2, 1 நிரப்பணும். வெப்ப இயக்கவியல் படித்தால் 'வாழ்நாள் கற்றல்' வருவது இரண்டா மூன்றா? போன வருஷம் போட்டதையே போடு, அவ்வளவுதான். நடத்த வேண்டிய பாடம் காத்திருக்கும்.

இத்தனை காகிதமும் யாரைப் பிடித்தது? ஒரே ஆள் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருப்பதை 2024 ஜூலையில் வெளியே கொண்டுவந்தது அறப்போர் இயக்கம். அவர்கள் சொன்ன எண்ணிக்கை 353 பேர், 224 கல்லூரிகள். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக்குழுவினரையே சிபிஐ கைது செய்தது.

அளக்கவே கூடாதா என்பீர்கள். அளக்கலாம். குளிராத ஃப்ரிட்ஜை ஃபேக்டரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே சோதிப்பது ஃப்ரிட்ஜை. இங்கே சோதிப்பது ஃப்ரிட்ஜைப் பற்றிய கோப்பை.

ஆசிரியருக்கு வங்கியில் போடுகிற சம்பளத்தைக் கல்லூரிகள் இணையத்தில் வெளியிடட்டும். போட்டதில் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பி வாங்குகிற நிர்வாகங்கள் உண்டு என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் ரகசியமில்லை. அதை எந்த ஆய்வுக்குழுவும் கண்டுபிடிக்காது. சங்கம் இருந்தால் வாயைத் திறந்து சொல்லும்.