நெருப்புக்கு நாலு மாதக் கூலி

காட்டுத் தீயைத் தடுக்கும் பெரும் பொறுப்பு, பருவத்துக்குப் பருவம் வந்து போகும் தினக்கூலிகளின் தோளில். அவர்களுடைய அறிவைப் பயன்படுத்திக்கொள்ளும் அரசு, அதற்கு மரியாதை தரத் தயங்குகிறது.

உத்தராகண்ட் வனத்துறைக்குப் பிப்ரவரி 15 முக்கியமான தேதி. அன்று தொடங்கி ஜூன் 15 வரை தீக்காலம். மலையோரக் கிராமங்களிலிருந்து தற்காலிகமாக ஆள் சேர்க்கும் வேலை அதையொட்டித் தொடங்கிவிடும். அங்கே அவர்களுக்கு ஃபயர் வாட்சர் என்று பெயர். தமிழ்நாட்டில் தீத்தடுப்புக் காவலர். தெற்கே காடு முன்னதாகவே காய்ந்துவிடுவதால் முதுமலையிலும் பந்திப்பூரிலும் வயநாட்டிலும் ஜனவரியிலேயே வேலை ஆரம்பம். தேதிகள் மாறினாலும் ஆட்கள் ஒரே ரகம்தான்: காட்டை ஒட்டி வாழும் சிறு விவசாயிகள், மாடு மேய்ப்பவர்கள், பழங்குடியினர். முதல் பெருமழை விழுந்ததும் வேலை முடிந்துவிடும்.

இதில் புதிதாகச் சேருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது தீயை வைப்பதற்கு. அணைப்பதெல்லாம் அப்புறம். காட்டின் எல்லையிலும் சாலை ஓரங்களிலும் தீத்தடுப்புக் கோடுகள் உண்டு. உத்தராகண்டில் இவை 100 அடி, 50 அடி, 30 அடி என்று மூன்று அகலங்களில் அமைந்தவை. கோட்டில் வளர்ந்திருக்கும் புல்லையும் புதரையும் வெட்டிப் போட்டுக் காயவிட வேண்டும். சுற்றியுள்ள காடு முழுவதும் காய்வதற்குள் அந்தக் குப்பையைக் கொளுத்திவிட வேண்டும். பின்னால் பெருந்தீ வந்தால், எரிக்க எதுவும் இல்லாமல் அந்தக் கரிந்த பட்டையில் வந்து நின்றுவிடும் என்பது கணக்கு.

சொல்வதற்கு எளிது. ஆனால் காலையில் பனி ஈரம் இருந்தால் சருகு பற்றாது; நடுப்பகலில் பற்றினால் கைக்கு அடங்காது. இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சில மணி நேரமே வேலை நேரம். காற்றுக்கு எதிராகவோ, சரிவின் மேல்பக்கத்திலிருந்து கீழ்நோக்கியோ தீயை நகர விட வேண்டும். அப்போதுதான் அது ஓடாமல் ஊர்ந்து வரும். இரண்டு பக்கமும் பச்சைக் கொப்புகளோடு ஆட்கள் நடந்து, கோட்டைத் தாண்டும் பொறியை அடித்து அணைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் பட்ட மரத்தின் பொந்திலோ காய்ந்த சாணத்திலோ கங்கு ஒளிந்திருக்கும். மறுநாள் காற்றில் அதுவே காட்டை எரிக்கலாம். அதனால் தொட்டுப் பார்த்து, மண் போட்டு மூடிவிட்டுத்தான் வீடு திரும்ப முடியும்.

மார்ச், ஏப்ரலில் உண்மையான தீ வருகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் உதவியுடன் தீ எச்சரிக்கைகளை அனுப்பிவருகிறது. இன்று அந்தத் தகவல் நேரே செல்போனுக்கே வந்துவிடும். ஆனால் தகவல் வந்த இடத்துக்கு யாராவது மலையேறி நடந்துதான் போக வேண்டும். 2019-ல் பந்திப்பூரிலும் 2024-ல் நைனிதாலிலும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொட்டின. அவை பத்திரிகைகளில் படமாக வந்தன. ஆனால் பெரும்பாலான தீக்கள் இன்றும் பச்சைக் கொப்பாலும் அரிவாளாலும், சில இடங்களில் சருகை விரட்டும் காற்று ஊதும் இயந்திரத்தாலும்தான் அணைக்கப்படுகின்றன.

இந்த வேலையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் சரிவு. சமதளத்தில் மெதுவாக நகரும் தீ, மேட்டை நோக்கிப் பாய்ந்து ஓடும். கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது; பகல் நேரத்தில் மலையேறும் காற்றும் அதைத் தள்ளுகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் மலையேற்றத்துக்குப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் பலியானதை நாடே பார்த்தது. இமயமலைச் சரிவுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எரியும் பைன் காய்கள் கீழே உருண்டு, தீயணைப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் புதுத் தீ மூட்டும்.

வேலைக்குப் போய் மடிந்தவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. 2017-ல் பந்திப்பூரில் ஒரு வனக்காவலர். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் மூன்று காவலர்கள். 2024 ஜூன் 13 அன்று, உத்தராகண்டின் தீக்காலம் காகிதப்படி முடிய இரண்டே நாள் இருக்கும்போது, அல்மோரா மாவட்டம் பின்சர் சரணாலயத்தில் நான்கு பேர் அங்கேயே கருகினார்கள். படுகாயங்களோடு டெல்லிக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டவர்களிடையேயும் பிறகு உயிரிழப்பு நேர்ந்தது. செத்தவர்களில் நிரந்தர ஊழியரும் உண்டு, பருவக் கூலியும் உண்டு. தீ இருவரையும் ஒன்றாகவே பார்த்தது. ஓய்வூதிய விதிகள் அப்படிப் பார்ப்பதில்லை.

பின்சருக்கு ஒரு மாதம் முன்புதான் உச்ச நீதிமன்றம் உத்தராகண்ட் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டிருந்தது. காடு எரிந்துகொண்டிருக்கும்போது வனத்துறை ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியது ஏன் என்பது அந்தக் கேள்விகளில் ஒன்று. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஆள், கருவி, பயிற்சி, நிலையான நிதி என்று எல்லாவற்றிலும் உள்ள பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியிருந்தது. எதுவும் தெரியாமல் நடந்ததல்ல.

இந்த அலட்சியத்துக்குப் பழைய வரலாறு இருக்கிறது. 1864-ல் மத்திய மாகாணத்தின் போரி காட்டில், இன்றைய சாத்புரா புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியில், கர்னல் பியர்சன் என்ற அதிகாரி தீயை அடியோடு விலக்கும் பரிசோதனையைத் தொடங்கினார். காட்டுக்கு நெருப்பு எதிரி, நெருப்பு வைக்கும் கிராமத்தான் குற்றவாளி என்பது அப்போதிலிருந்து வனத்துறையின் வேதமாயிற்று. 1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 26-வது பிரிவில் அது சட்டமாகவே நிற்கிறது. ரிசர்வ் காட்டில் தீ வைப்பது குற்றம். வேண்டுமென்றே வைத்த தீ என்றால் அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமை, விளைபொருள் எடுக்கும் உரிமை எல்லாவற்றையும் மாநில அரசு நிறுத்திவைக்கலாம். ஒருவன் வைத்த தீக்கு ஊரே தண்டனை அனுபவிக்கலாம்.

குமாவோன் மலைவாசிகள் இதற்குத் தங்கள் பாணியில் பதில் சொன்னார்கள். 1911-க்கும் 1917-க்கும் இடையில் அவர்களுடைய காடுகள் ரிசர்வ் ஆக்கப்பட்டன. 1921 கோடையில் அந்தக் காடுகள் பற்றி எரிந்தன. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா ஒரு முக்கியமான விவரத்தைக் கவனித்திருக்கிறார். எரிந்தவை அரசு வியாபாரத்துக்காக நடத்திய பைன் காடுகள். கிராமத்துக்குத் தழையும் விறகும் தண்ணீரும் தந்த அகன்ற இலைக் காடுகள் தப்பித்தன. எதை எரிப்பது, எதை விடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1931-ல் வனப் பஞ்சாயத்துகள் பிறந்தது இந்த எதிர்ப்பின் பின்விளைவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்கார வன அதிகாரிகளே தங்கள் வேதத்தைச் சந்தேகிக்க ஆரம்பித்தார்கள். பர்மாவின் தேக்குக் காட்டிலும் வங்காளம், அசாமின் சால் காட்டிலும் தீயை விலக்கிப் பார்த்ததில் அடியில் புதர் மண்டியது. தேக்கும் சாலும் முளைத்து மேலே வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இடங்களில் கட்டுப்படுத்தப்பட்ட எரிப்பு மெதுவாகத் திரும்பி வந்தது. ஆனால் தீ வைக்கும் அதிகாரம் சீருடைக்கு மட்டுமே திரும்பியது. கிராமத்தான் குற்றவாளியாகவே நீடித்தான்.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளிகர்கள் ‘தரகு பெங்கி’ என்ற ஒன்றைப் பழகிவந்தார்கள். சருகுத் தீ என்று பொருள். புல் முற்றிலும் காய்வதற்கு முன், ஆண்டின் தொடக்கத்தில், தரையோடு தவழும் சிறு தீ. பெரிய மரங்களைத் தொடாது. நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவியும் உண்ணிச்செடியும் கட்டுக்குள் இருந்ததற்கு இதுவே காரணம் என்பது அவர்கள் கணிப்பு. 1974-ல் அந்த மலை சரணாலயமானது, தீ தடைசெய்யப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் பார்த்தபோது மாதிரி நிலங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008-ல் அது ஏறத்தாழ 80 சதவீதம். தீயை நிறுத்தியது மட்டுமே காரணமா என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. ஆனால் உண்ணிப் புதர் மண்டிய காட்டில் பற்றும் தீ தரையோடு நிற்காது, சுவாலை மரத்தின் கழுத்தளவு எழும் என்பதை எந்தத் தீக்காவலரும் சொல்லிவிடுவார். 2011-ல் சோளிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றில் அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. தரகு பெங்கி மட்டும் இன்றும் குற்றம்தான்.

இதே நாட்டில் அரசே திட்டமிட்டு எரிக்கும் இடங்களும் இருக்கின்றன. காசிரங்காவில் காண்டாமிருகத்துக்கு இளம்புல் வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் கோரைப்புல் வெளிகள் எரிக்கப்படுகின்றன. மூணாறு அருகே இரவிகுளத்தில் வரையாட்டுக்காகப் புல்வெளியைப் பகுதி பகுதியாக எரிப்பது நீண்ட கால வழக்கம். அந்த வேலையின் சூட்சுமம் தெரிந்தவர்கள் முதுவான் பழங்குடியினர்.

எல்லாக் காட்டையும் கொளுத்தலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சோலைக்காட்டுக்கும் பசுமைமாறாக் காட்டுக்கும் சிறு தீயும் கேடுதான். வருடா வருடம் எரியும் காட்டில் கன்றுகள் தலையெடுக்காது. தரையில் முட்டையிடும் பறவைகள் பிழைக்காது. இலுப்பைப் பூ பொறுக்கவும், பீடி இலை புதிதாகத் துளிர்க்கவும் வைக்கும் தீ கைமீறிப் போவதும் நிஜம். இந்தியக் காட்டுத் தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர்களால் மூள்பவை. எந்தக் காட்டை, எந்த மாதத்தில், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எரிப்பது என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியவர்களில் பலர் நாலு மாதக் கூலியாக வரிசையில் நிற்கிறார்கள்.

மற்ற நாடுகளும் தடுமாறித்தான் கற்றன. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று அமெரிக்க வனத்துறை 1935-ல் விதி வகுத்தது. சருகும் புதரும் குவிந்து, பெருந்தீக்கு விறகானதுதான் மிச்சம். 1978-ல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். இன்று அங்கே காட்டுத் தீ அணியில் முன்னணியில் நிற்க வேண்டுமானால் 20 கிலோ சுமையுடன் ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்தை 45 நிமிடத்தில் நடந்து காட்ட வேண்டும். தப்பும் வழியை முதலில் பார்த்து வைப்பது உட்பட பத்துக் கட்டளைகள் 1957 முதல் உண்டு. ஆனால் அங்கும் மத்திய அரசின் பருவ ஊழியர் வெகுகாலம் ‘வனத் தொழில்நுட்பர்’ என்றே குறிக்கப்பட்டார். காட்டுத் தீயணைப்பாளர் என்ற பதவிப் பெயருக்கு 2021-ம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் வடபகுதி வேறு வழியில் போனது. மேற்கு ஆர்னம் லாண்டில் 2006-ல் தொடங்கிய திட்டத்தில், பூர்வகுடிகள் தங்கள் பழைய முறைப்படி ஈரம் இருக்கும்போதே சிறு தீ வைக்கிறார்கள். கோடையின் பெருந்தீ குறைகிறது, புகையும் குறைகிறது. குறைந்த புகைக்கு ஓர் இயற்கை எரிவாயு நிறுவனம் பணம் தர ஒப்புக்கொண்டது. அங்கே அந்த அறிவுக்குச் சம்பளம் கிடைக்கிறது.

இந்தியாவில் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. தீக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு வாரமாவது முறையான பயிற்சி. தீப்பிடிக்காத துணியில் உடை, நல்ல காலணி, தண்ணீர். வேலையில் சேரும் நாளிலிருந்தே காப்பீடு. அந்தந்த மாதமே கூலி. ஐந்து பருவம் பார்த்தவருக்கு அணித் தலைவர் என்ற பெயர், அதற்கேற்ற கூடுதல் தொகை. எரிப்புத் திட்டம் போடும்போது ரேஞ்சர் அலுவலக மேஜையைச் சுற்றி அந்தத் தலைவர்களுக்கும் நாற்காலி. காட்டுத் தீ தடுப்புக்கான மத்தியத் திட்டம் 2017-18 முதல் தனியாகவே இருக்கிறது. செலவில் மத்திய அரசின் பங்கு பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 சதவீதம், இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்குக்கும் 90 சதவீதம். அந்தத் தொகை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் தீக்காவலர்தான்.

1927-ம் ஆண்டுச் சட்டத்தின் 79-வது பிரிவு, காட்டில் உரிமையோ அனுமதியோ பெற்றவர்கள் தீயைப் பற்றித் தகவல் தரவும், யாரும் கேட்காவிட்டாலும் அதை அணைக்க முனையவும் கடமைப்பட்டவர்கள் என்கிறது. தவறினால் தண்டனை உண்டு. அப்படி ஓடிப்போய் அணைப்பவருக்கு அரசு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. ஏறத்தாழ நூறு வருடமாகிறது. அந்த வரியை இப்போதாவது எழுதிச் சேர்க்கலாம்.