கூலிக்காரனின் சீட்டு யார் கையில்?

நாச்சியாபுரத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லைவாசல். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள். யார் கட்டிய வீடு என்று கேட்டால் பெயர் சொல்லுவார்கள். அந்தத் தேக்கை வெட்டியவன் யார், கப்பலில் ஏற்றியவன் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அக்கரைச் சீமைக்குத் தமிழகத்திலிருந்து இரண்டு வகையார் கப்பலேறினார்கள். பணத்தோடு போனவர்கள் ஒரு வகை. இரண்டு கைகளோடு மட்டும் போனவர்கள் மறு வகை. பணத்தோடு போனவர்கள் ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் பேரேடு விரித்தார்கள். கைகளோடு போனவர்கள் நெல் வயலிலும் அரிசி ஆலையிலும் முதுகொடிந்தார்கள்.

வெள்ளைக்காரப் பாங்குகளில் வாங்கிய கடனும் சேர்ந்து, லேவாதேவிப் பணமாகப் பர்மிய விவசாயி தலையில் இறங்கிற்று. 1930ல் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930ல் நூற்றுக்கு 6 பங்கு. 1937ல் நூற்றுக்கு 25 பங்கு! நிலமிழந்த பர்மிய விவசாயியின் கோபம் நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்தின் அடி யார் மீது விழுந்தது?

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியத் தொழிலாளரைக் கொண்டுவந்து வேலையை ஓட்டினார்கள். பேச்சு முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியரை வெளியே தள்ளினார்கள். ஏழையும் ஏழையும் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். 

பிறகு சட்டங்கள் மாறத் தொடங்கின. 1937ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. சொந்த ராஜ்யத்தின் ஒரு மூலைக்குப் போனவன் ஒரே நாளில் அந்நியனானான். 1941ல் உள்ளே வருவதற்கே கட்டுப்பாடு என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1942ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரம். 1948ல் பர்மா சுதந்திரம் அடைந்தபின் அந்நியருக்குப் பதிவுச் சீட்டு. 1962ல் நே வின் ராணுவ ஆட்சி. 1963ல் பாங்குகளும் 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமை. அதே ஆண்டு மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு ஒரே இரவில் காகிதமாயிற்று. லட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் பிறந்த கதை இதுதான்.

பணத்தோடு போனவர்களும் இழந்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பலருக்குத் திரும்பி வர ஒரு தேக்குத் தூண் வீடாவது இருந்தது. கூலிக்காரனுக்கு எங்கே வீடு? கடன் கொடுத்தவன் கணக்கைக் கூலி வாங்கியவன் தீர்த்தான்!

தோழர்களே, இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று நம் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். துபாய், சவூதி, கத்தார், மலேசியா, சிங்கப்பூர். நிலத்தில் வேலை இல்லை, ஆலையில் கூலி போதவில்லை. தாலியை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

வளைகுடாவில் 'கபாலா' என்று ஒரு முறை. தொழிலாளியின் விஸா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். வேலையை விட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். சவூதியில் முதலாளி 'ஹுரூப்' என்று எழுதிக் கொடுத்தாலே போதும், சம்பளம் கேட்டவன் ஓடிப்போன குற்றவாளி ஆன காலம் உண்டு. பண்ணையாளைக் கட்டிய கயிறு இப்போது காகிதமாக வந்திருக்கிறது.

உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு இந்தக் கயிறு சற்றுத் தளர்ந்தது. முதலாளியின் சம்மதமில்லாமல் வேலை மாறலாம் என்று கத்தார் 2020ல் அறிவித்தது. 2021 மார்ச்சில் சவூதியும் சில மாற்றங்கள் செய்தது. ஆனால் யாரை விலக்கினார்கள் தெரியுமா? வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், ஆடு மேய்ப்பவர், தோட்ட வேலைக்காரர்! அதாவது, நம்முடைய கிராமத்து ஏழைகள் போகும் வேலைகளை.

நம் சர்க்கார் என்ன செய்கிறது? 1983ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாவது தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி பெறவேண்டும். ஏஜெண்டு 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக்கூடாது. ஏட்டில் இப்படி, நடப்பில் லட்சக்கணக்கில் பறிக்கிறார்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியரை 30 நாட்களுக்கு விஸா இல்லாமல் அனுமதித்தது. சுற்றிப் பார்க்க வருவோருக்கான சலுகை அது. அதைக் காட்டி "வேலை தயார்" என்று ஆள் பிடிக்கிறவனை நம்பிப் போனால், 31வது நாள் நம் பிள்ளை திருட்டுக் குடியேறி ஆவான். ஏஜெண்டு ஊரில் சுகமாக இருப்பான்.

2020ல் கொரோனாக் காலத்தில் வேலையிழந்து தவித்தவர்களை மீட்பதாகச் சொன்ன விமானங்களிலும் டிக்கெட் காசு கேட்டார்கள். அந்நியச் செலாவணி அனுப்பியபோது அருமைப் பிள்ளைகள், திரும்பும்போது பிரயாணிகளா?

நாம் கேட்பது இவை: வேலை ஒப்பந்தம் புறப்படும் முன்பே தமிழில் எழுதித் தொழிலாளி கையில் தரப்பட வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது தண்டனைக்குரிய குற்றமாக நடத்தப்பட வேண்டும். ஒரே முதலாளியோடு விஸாவைக் கட்டும் முறையை ஒழிக்க இந்தியா ஒப்பந்தம் செய்ய வேண்டும். விதி மாறினால் அவகாசமும், திரும்பும் செலவும், பாக்கிச் சம்பளமும் உத்தரவாதம் வேண்டும். அதிகப் பணம் பறித்த ஏஜெண்டிடமிருந்து அதை மீட்டுத் தர வேண்டும்.

கடைசியாக நமக்கே ஒரு வார்த்தை. இன்று நம் பஞ்சாலைகளிலும் வயல்களிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் உழைக்கிறார்கள். "இவன் வந்துதான் கூலி குறைந்தது" என்று முதலாளி நம் காதில் ஓதுகிறான். ரங்கூன் துறைமுகத்தில் ஓதிய அதே மந்திரம்! கூலியைக் குறைத்தவன் வந்தவனல்ல, கொடுப்பவன். வடக்கத்தித் தோழனைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒரே வேலைக்கு ஒரே கூலி கேளுங்கள். அக்கரையில் நம் பிள்ளைக்கு என்ன நியாயம் கேட்கிறோமோ, அதை இக்கரையில் நாம் கொடுத்தாக வேண்டும்.