தலைக்கு மேலே அறுநூறு கிலோ

கி.பி. 921-லேயே உத்திரமேரூர்க்காரர்கள், வாரிய உறுப்பினராக யார் வரலாம் என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். 35 வயதுக்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது. ரொம்ப உஷார்.

அதே ஊரில் உங்கள் நண்பனுக்கு ரிசப்ஷன். மேடைக்குப் பின்னால் இருபதடிக்குப் பத்தடி எல்.ஈ.டி. சுவர். அதைத் தூக்க ஒரு ட்ரஸ், மூன்று செயின் மோட்டார், எல்லாம் வாடகை. பட்டனை அழுத்துகிற பையனுக்கு என்ன தகுதி பார்ப்பீர்கள்? அந்த நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதானே?

சுவரும் ட்ரஸ்ஸும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று மோட்டார், ஆளுக்கு 200 என்று கணக்குப் போடுவீர்கள். தப்பு. இரண்டு ஓரமும் நடுவுமாகத் தாங்கினால், நடு மோட்டார் மேல் மட்டும் சுமார் 375 கிலோ. ஓரங்களுக்குத் தலா 112 சொச்சம். (எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான்.) இப்போது நடு மோட்டார் இரண்டு அங்குலம் முந்தினால் போதும், ஓரச் சங்கிலிகள் தளர்ந்துவிடும். முழு 600-ம் நடுவில். மோட்டாரோ அரை டன், அதாவது 500 கிலோ ரகம்.

இங்கேதான் கன்ட்ரோலர் என்கிற பெட்டி வருகிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் மேலே, கீழே என்று ஒரு ஸ்விட்ச். திசையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரே பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், கையை எடுத்தால் ஒன்றாக நிற்கும். அவசரத்துக்கு ஒரு சிவப்புக் குமிழ். வாடகையில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கிறேன் என்று இதை விட்டுவிட்டு, மூன்று பேர் மூன்று பட்டனைப் பிடித்துக்கொண்டு 'ரெடி... ஒன், டூ, த்ரீ' சொல்வது கபடிக்குச் சரி.

இன்னொரு ஆபத்து கரண்டில். த்ரீ ஃபேஸில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஜெனரேட்டர் மாறினால் இது சகஜம். 'மேலே' அழுத்தினால் கீழே வரும். உச்சியில் தானாக நிறுத்த வேண்டிய ஸ்விட்சும் பல மோட்டார்களில் அப்போது வேலைக்கு ஆகாது. ஃபேஸ் காட்டும் விளக்கு உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் சங்கிலியை ஓட்டிப் பார்த்த பிறகே பாரம் ஏற்றச் சொல்லுங்கள்.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதியில், மண்டியம்மன் கோயில் மயிலேறு விழாவில் கிரேன் சாய்ந்து நாலு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் ஒரு கம்பெனியின் வெள்ளிவிழா. தலைமை அதிகாரியைக் கூண்டில் வைத்து மேடைக்கு இறக்கும்போது ஒரு பக்கம் அறுந்தது. மனிதர் பிழைக்கவில்லை. தூக்கும் சாமான் வேறு வேறுதான். ஆனால் சரக்குத் தூக்கும் மோட்டாரில் மாப்பிள்ளையை ஏற்றி, புகை விட்டு இறக்கலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால், அவருக்குச் சாப்பாடு போட்டுச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

சுவர் மேலே போனதும் தனியாக ஸ்டீல் கயிறு மாட்டச் சொல்லுங்கள். மாட்டுகிறவரைக்கும் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, போட்டோகிராபர் உட்பட. பிறகு கன்ட்ரோலர் பிளக்கைப் பிடுங்கிப் பூட்டி வையுங்கள். சாவி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும், மாப்பிள்ளையின் தம்பியைத் தவிர.