வீட்டில் ஒரு போன், படிக்க மூன்று பிள்ளைகள்

பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் இப்போது கரும்பலகையில் இல்லை, வாட்ஸ்ஆப்பில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வகுப்புக் குழுவில் ஆசிரியர் ஒரு படம் போடுகிறார். இரவுக்குள் செய்து முடித்து, நோட்டைப் படமெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த ஐந்து மணிக்கு நம் காலனி வீடுகளின் போன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கட்டட வேலை நடக்கிற இடத்தில், அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. இல்லையென்றால் செங்கல் சூளையில். சில வீடுகளில் வாரக் கணக்கில் பெங்களூரில். அப்பா வந்து சேர்ந்து, சார்ஜ் ஏறி, பிள்ளை கைக்குப் போன் வரும்போது மணி எட்டரை. வீட்டில் மூன்று பேர் படித்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் தூங்கிப்போயிருக்கும். மறுநாள் வகுப்பில் அது எழுந்து நிற்கும்.

'இப்போதுதான் எல்லார் வீட்டிலும் போன் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?' என்று நம்மைக் கேட்கிறார்கள். போன் வந்துவிட்டது உண்மைதான். அசர் அமைப்பு 2024இல் இந்தியக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னார்கள். அதை இயக்கத் தெரிந்தவர்கள் 82 விழுக்காடு. ஆனால் இயக்கத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் பையன்களில் 36 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 27 விழுக்காடு. வீட்டில் போன் இருப்பதும், படிக்கிற நேரத்தில் அது பிள்ளையின் கையில் இருப்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல்தான் வீட்டுப்பாடம் அனுப்பப்படுகிறது.

கொரோனாக் காலத்தில் இதை நாம் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் படிப்பு ஆன்லைனில் நடந்தது என்று ஏட்டில் எழுதிக்கொண்டோம். பொருளியல் அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் 2021 ஆகஸ்டில் ஆய்வு நடத்தினார்கள். கிராமத்துத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 விழுக்காடு. கிராமத்தின் மற்றப் பிள்ளைகளில் 15 விழுக்காடு. இரண்டுமே வெட்கப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் ஒரே கிராமத்தில், ஒரே டவரின் கீழ், ஊருக்கும் காலனிக்கும் இடையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம் ஏன் வந்தது என்பதற்கு இன்றுவரை எந்தத் துறையும் பதில் சொல்லவில்லை.

கணக்கு எளிதானது. தினம் ஒன்றரை ஜி.பி. தருகிற ரீசார்ஜ், 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு 28 நாளுக்கு ஏறக்குறைய 300 ரூபாய். மாதத்துக்கு ஒன்று என்று நினைத்தால் தப்பு. 28 நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் ஒன்றிய அரசு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய், அதுவும் முழுதாகக் கைக்கு வந்தால். ஆக, ஆண்டில் பன்னிரண்டு நாள் மண்வெட்டிக் கூலி பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குப் போகிறது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்று சொல்கிறோம். இது ரசீது இல்லாத கட்டணம்.

இதற்கு மேல் செயலி விற்கிறவர்கள் வேறு. 'உங்கள் பிள்ளையை டாக்டராக்குகிறோம்' என்று சொல்லி, டேப்லெட்டோடு சேர்த்துக் கடனையும் தலையில் கட்டுகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைப்பதாக எழுந்த புகாரின் பேரில், பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவரைத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 டிசம்பரில் விளக்கம் கேட்டு அழைத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரிடமாவது காட்டுங்கள் என்பதுதான் நம் பெற்றோரிடம் நாம் கேட்டுக்கொள்வது.

அதற்காகப் போனே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. சுவீடன் நாடு 2023இல் திரையைக் குறைத்து அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பியதை எடுத்துக்காட்டிச் சிலர் பேசுகிறார்கள். இரண்டையும் வயிறாரச் சாப்பிட்டவன் ஒன்றைத் தள்ளிவைக்கலாம். பாடநூலில் உள்ள கியூஆர் குறியைத் தட்டினால் வருகிற காணொளியில் பாடம் நடத்துபவர், நீ எந்தத் தெரு என்று கேட்பதில்லை. பின் வரிசையில் உட்காரச் சொல்வதில்லை. பத்து முறை திருப்பிக் கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. சந்தேகம் கேட்கக் கூசுகிற நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விடுதலை இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் பத்திரிகை தொடங்கியபோது அதன் விலையையே பெயரில் வைத்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று அழைத்தார். காலணா இல்லாதவனுக்கும் எழுத்து போய்ச்சேர வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது. இன்று நல்ல நூல்கள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகள் அண்ணல் அம்பேத்கரைப் போனில் படித்துவிட்டு நம்மிடம் விவாதிக்க வருகிறார்கள். அதில் நமக்கு மகிழ்ச்சிதான்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் நடத்தும் மாலை வகுப்புகளில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனா நகர மறுக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியதால் 'ல'வுக்கும் 'ள'வுக்கும் 'ழ'வுக்கும் ஒரே எழுத்து போதும் என்றாகிவிட்டது. கணக்கைப் படமெடுத்தால் விடை வருகிறது, அது அப்படியே நோட்டில் ஏறுகிறது. நோட்டு நிறைகிறது. தேர்வு அறையில் போன் இல்லாமல் உட்காரும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. ஊர்ப் பிள்ளைக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அவன் வீட்டில் 'எங்கே, படித்துக் காட்டு' என்று கேட்கப் படித்த அண்ணனோ சித்தப்பாவோ டியூஷன் சாரோ இருக்கிறார்கள். நம் வீட்டில் நோட்டு நிறைந்திருந்தால் அம்மா நம்பிவிடுகிறாள்.

இன்னொன்று, கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவது. அதே போனில்தான் சாதியும் வருகிறது. கலர் கயிறு, அரிவாள் படம், பின்னணியில் ஒரு பாட்டு, 'ஆண்ட பரம்பரை' என்று ஒரு ரீல். பதினான்கு வயதுப் பையன் அதைப் பார்க்கிறான், ஸ்டேட்டஸ் வைக்கிறான், மறுநாள் வகுப்பில் அதற்குப் பதில் ஸ்டேட்டஸ் கிளம்புகிறது. முன்பு டீக்கடையில் கேட்டுப் படிய வேண்டியிருந்த சாதி இப்போது புத்தகப் பையோடு வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படிக்கும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதிக் கயிறு கூடாது, மாணவர்கள் கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் அடக்கம். பகலில் பள்ளிக்குள் போன் கூடாது, இரவில் போன் இல்லாமல் வீட்டுப்பாடம் கிடையாது. இந்த முரணை ஆசிரியர்கள்தான் முதலில் பேச வேண்டும்.

பெண்பிள்ளைகள் நிலை இன்னும் கடுமை. பையன் கையில் போன் இருந்தால் படிக்கிறான், பெண் கையில் இருந்தால் 'யாரிடம் பேசுகிறாள்?' வயதுக்கு வந்த பிறகு போனைத் தொடவிடாத வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன. இதை ஊர்க்காரர்கள் மேல் போட முடியாது.

சரி, என்ன செய்யலாம்? பிள்ளைக்கு ஒரு டேப்லெட் கேட்போம் என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். நமக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. டேப்லெட் கொடுத்தாலும் ரீசார்ஜ் யார் போடுவது? உடைந்தால் யார் பார்ப்பது? கருவி பள்ளியில் இருக்கட்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மணி நேரம் கிடைக்கட்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகளும் தருவதாகப் பள்ளிக் கல்வித் துறை 2024இல் அறிவித்தது. நல்லது. அந்தக் கைக்கணினியில் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரம் எவ்வளவு, வருகைப் பதிவும் புள்ளிவிவரமும் ஏற்றும் நேரம் எவ்வளவு என்று பெற்றோர் போய்ப் பார்க்கலாம். பிள்ளை ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தால், அந்த வகுப்பறை அங்கேயும் வந்துவிட்டதா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

கொரோனா தின்ற படிப்பை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபர் 27ஆம் தேதி இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய இடம் நம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். அதில் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய். கற்பித்தவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பெண்கள். போன் விட்ட இடத்தை நிரப்பியவர்கள் அவர்கள்தான். இருட்டிய பிறகு சமுதாயக் கூடத்தில் ஒரு விளக்கு, ஒரு கணினி, எதிரே உட்கார்ந்து 'படித்துக் காட்டு' என்று கேட்க ஒரு அக்கா. ஒவ்வொரு காலனிக்கும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். இதற்கு ஆகிற செலவு டேப்லெட் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கேற்ற இடம் தர வேண்டும். நம் தாய்மார்கள் பலர் அதில் உறுப்பினர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருகிற கூட்டமாக அது இருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு வரித் தீர்மானம் கேளுங்கள்: வீட்டுப்பாடத்தை வகுப்பு முடிவதற்குள் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும், போனில் அனுப்பவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் எழுந்து நிற்க வைக்கக் கூடாது. தீர்மானத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.